சம்பந்தியம்மா உட்கார்ந்த பக்கம்

தம்பி, காதுல இருக்கற அந்த ஒயரைச் சித்த கழட்டுங்க. கழட்டிட்டு இந்தப் பையை மடியில வெச்சுக்குங்க, நான் டிக்கெட்டு எடுத்துக்கறேன். கனமா இருக்குதுங்களா? இருக்கும். மேல வெத்தலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ. அடியில ஒரு பேரிங்கு.

ஆமாங்க, பேரிங்கேதான். கார் பேரிங்கு. பின்சக்கரம், இடது பக்கம். காங்கேயத்துல சம்பந்தியம்மா ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போறேன். தட்டுல பூப்பழத்தோட வெச்சுக் குடுக்கோணும்.

சிரிங்க சிரிங்க. என்ற மச்சினனும் இப்படித்தான் சிரிச்சான். வெறும் பேரிங்கை எடுத்துட்டு ஒருத்தரு ஊட்டுக்குப் போக முடியுங்களா? சம்பந்தி ஊடு, முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல. நீங்க எதுவரைக்கும்? ஈரோடா. நல்லதாப் போச்சு, தாராபுரமே இன்னும் வரலை. மொதல்ல இருந்தே சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க.

என்ற பேரு நாச்சிமுத்து. உடுமலைக்குப் பக்கம் தென்னந்தோப்பு. ஒரே பொண்ணு, பிரதீபா. போன வருசம் காங்கேயத்துல குடுத்தோம். மாப்பிள்ளை லோகநாதன் தங்கமான பையன், வாயத் தொறக்க மாட்டான். அவங்கப்பா இல்லீங்க. அவங்கம்மாதான் தேங்கா எண்ணெய் மில்லு நடத்தறாங்க. துளசிமணின்னு பேரு. ஆளு நல்லா வாட்டசாட்டமா இருப்பாங்க. நான் தப்பாச் சொல்லலை, இருக்கறதைச் சொல்றேன். நாலு பேரு உக்கார்ற சோபாவுல அவிய உக்காந்தா மத்த மூணு பேரும் சோலி இருக்குதுன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க.

எங்கிட்ட ஒரு காரு இருக்குதுங்க. வெள்ளைக் காரு. நான் வெச்சிருக்கறாப்பல இந்தத் தாலூக்காவுலயே எவனும் காரு வெச்சிருக்க மாட்டான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நானே கழுவுவேன். ஆள் விட மாட்டேன். தென்னைக்கு மருந்தடிக்கற மோட்டார் இருக்குது பாருங்க, மரத்து உச்சிக்கு மருந்தைத் தூக்கி அடிக்குமே, அதைய ஓட்டித்தான் கழுவுவேன். அந்த வேகத்துல தண்ணி வந்தா மண்ணு நிக்குமா? மேலாப்பல எல்லாருந்தான் கழுவறாங்க. நான் கீழ படுத்துக்குவேன். சக்கரத்துக்கு உள்பக்கம், அச்சுக்கிட்ட, எந்த வாட்டர் சர்வீசுக்காரனும் எட்டிப் பாக்காத எடம், அங்க பைப்ப நெருக்கிப் புடிச்சு அடிப்பேன். கறுப்பா வழியுங்க. வழுவழுன்னு. அத்தனை அழுக்கு. அது தீர்ற வரைக்கும் விட மாட்டேன். அப்பறம் பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் வண்டியெடுப்பேன்.

அப்பேர்ப்பட்ட வண்டியப் போய்ச் சொல்றாங்க, கேளுங்க.

கல்யாணம் முடிஞ்சு எங்கூருக் கோயில் நோம்பிக்கு சம்பந்தியம்மா வந்திருந்தாங்க. திருமூர்த்தி மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். முன்னாடி மாப்பிள்ளை. பொறகால எங்கூட்டுக்காரி வசந்தாமணி, நடுவுல பொண்ணு, இடது பக்கம் இவிய. ஊரைத் தாண்டி வேகமெடுத்ததும் சொல்றாங்க, "அண்ணா, பாட்டைச் சித்த கம்மி பண்ணுங்க. பொறகால இடது பக்கம் ஊன்னு ஒரு சத்தம் கேக்குதுங்களா? பேரிங்கு போகுதாட்ட இருக்குது."

எனக்குச் சுருக்குன்னுச்சு. வண்டியில ஏறி ஒருமணி நேரம் ஆகலை. ஒறம்பரையா, விருந்தாளியா வந்தவிய, ஏசி நல்லா இருக்குது, சீட்டு மெத்துன்னு இருக்குதுன்னு ஏதாச்சும் சொல்லிட்டு வரலாமில்ல? நான் சொன்னேன், "அது ரோட்டுச் சத்தமுங்க சம்பந்தியம்மா. காங்கேயம் ரோடாட்ட இங்க இருக்காது." சொல்லிட்டுப் பாட்டை ஏத்தி வெச்சேன். மலை வர்ற வரைக்கும் அவிய பேசவே இல்லை. ஒத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன்.

ஆனாப் பாருங்க, அன்னையிலிருந்து அந்தச் சத்தம் எனக்கும் கேக்க ஆரம்பிச்சுருச்சு. அதுவரைக்கும் இல்லை. சத்தியமா இல்லை. அவிய வாய வெச்சாங்க, வந்துருச்சு. மெதுவாப் போனா ஒண்ணுமில்லை. வேகமாப் போகப் போக ஊ ஊன்னு, யாரோ பக்கத்து ஊட்ல கிரைண்டரு போட்டாப்பல.

காதுன்னா எனக்குப் பாம்புக் காதுங்க. இதோ இந்த பஸ்ஸுல கடகடன்னு ஒண்ணு கேக்குது பாருங்க. கியர் பாக்ஸு. இன்னும் ஒரு மாசந்தான் தாங்கும். நம்ம சொன்னாக் கேக்கவா போறாங்க.

எங்க விட்டேன்? ஆங். மொதல்ல டயரச் சந்தேகப்பட்டேன். பின்னாடி இருந்ததை முன்னாடி மாத்தினேன். சத்தம் டயர் கூட முன்னாடி வந்திருக்கோணுமில்ல? வரலை. அங்கயே இருந்துச்சு. சரி, ஸ்டெப்னி டயரு ஆடுதோன்னு அதைய எறக்கிட்டு ஓட்டினேன். ஜாக்கி, ஸ்பேனரு, வசந்தாமணி கோயிலுக்குக் கொண்டு போற தூக்குப்போசி, எல்லாத்தையும் எறக்கினேன். அப்பவும் ஊ. கடைசில வசந்தாமணியவே டிக்கியில உக்கார வெச்சு, சத்தம் எங்கிருந்து வருதுன்னு கேட்டுச் சொல்லுன்னு ஊரை ஒரு சுத்துச் சுத்தினேன். டிக்கிய மூடலீங்க, அந்தளவுக்கு நான் மோசமில்லை. பால் சொசைட்டி முன்னால நாலு பேரு நின்னு பாத்தானுங்க. "என்னுங் மாமா, அத்தைய எங்க கடத்திட்டுப் போறீங்க"ன்னான் ஒருத்தன். அவ கேட்டுட்டுச் சொல்றா, "இடது பக்கமுங்க, சம்பந்தியம்மா சொன்னாப்பலயே இருக்குது." எறங்குடின்னுட்டேன்.

அப்பறம்தான் எனக்கு ஒண்ணு பொறி தட்டுச்சு. அன்னைக்கு இடது பக்கம் யாரு உக்காந்திருந்தது? சம்பந்தியம்மா. சத்தம் எந்தப் பக்கம்? இடது. எப்பருந்து? அவிய உக்காந்ததுல இருந்து.

நீங்க சிரிக்கறதைப் பாத்தா நம்பலையாட்ட இருக்குது. நானும் சும்மா ஒருத்தரு மேல பழி போடற ஆளில்லீங்க. சோதிச்சுப் பாத்தேன். தோப்புல இருந்து ரெண்டு மூட்டை கொப்பரை எடுத்து, பொறகால இடது சீட்டுல வெச்சு, பெல்ட்டும் போட்டு விட்டு, தளி ரோட்டுல போட்டு அமுக்கினேன். சத்தம் ரெட்டிப்பா வந்துச்சு. மூட்டையை வலது பக்கம் மாத்தினேன், கொறஞ்சுருச்சு. இதுக்கு மேல என்ன ருசு வேணும்? அதுக்காக நான் அவிய கிட்டப் போய்ச் சொல்லலை. மனுசன்னா ஒரு நாகரிகம் இருக்கோணும். "சரி பண்ணிட்டேனுங்க"ன்னு போன்ல சொல்லிட்டு, காங்கேயம் போறப்பெல்லாம் பாட்டைச் சத்தமா வெச்சுட்டுப் போயிட்டு வந்தேன்.

தாராபுரம் வந்துருச்சு. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. இருங்க, முன் சீட்டு அம்மா எறங்கறாங்க, வழி விடுவோம். அந்தப் பால் கேனைப் பாத்துத் தூக்குங்க தாயி.

இப்ப மெயின் சமாச்சாரத்துக்கு வர்றேன். பொண்ணு முழுகாம இருக்கறா. ஏழாம் மாசம் காங்கேயத்துல வளைகாப்பு. அது முடிஞ்சதும் பொண்ணைத் தாயூட்டுக்குக் கூட்டிட்டு வரோணும், தலப்பிரசவம் எங்க ஊட்லதான். வசந்தாமணி ஒரு மாசமா ரூமை ஒதுங்க வெச்சு, மெத்தை மாத்தி, ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சு, வர்றவிய போறவிய எல்லாத்தையும் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு இருந்தா. நானும் பாப்பா வந்தா வெயில் படக்கூடாதுன்னு வாசல்ல கூரை போட்டேன். ஆனா அதுல காரைத்தான் நிறுத்தியிருக்கறேன், சும்மா இருக்கட்டும்னு.

வளைகாப்பன்னைக்குப் பந்தி. எனக்கு அக்கம்பக்கம் எல்லாம் அவிய பங்காளிக. பேச்சுவாக்குல ஒருத்தரு கேட்டாரு, "வண்டில ஏதோ சத்தம்னாங்களே, என்னாச்சு?" நான் உள்ளதைச் சொன்னேன். "அதையேன் கேக்கறீங்க. கண்டுபுடிச்சாச்சு. சம்பந்தியம்மா உக்காந்தா வருது, எந்திரிச்சா நின்னுருது. ரெண்டு மூட்டை கொப்பரை வெச்சுப் பாத்தும் அந்தச் சத்தம் பூராவும் வரலீங்க, இன்னும் அரை மூட்டை வேணும்." பந்தியே கொல்லுன்னு சிரிச்சுச்சு. நானும் இன்னுங் கொஞ்சம் எடுத்து விட்டேன். வண்டிக்கே மூச்சு வாங்குதுன்னேன். சிரிப்பு டக்குன்னு நின்னுருச்சு. எல்லாரும் எலையப் பாக்கறாங்க. திரும்பிப் பாத்தா, பாயசக் குண்டாவோட பின்னாடி அவிய.

குனிஞ்சு என்ற எலையில பாயசம் ஊத்தினாங்க. "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களாண்ணா"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். மனசுல வெச்சுக்கிட்டாங்கன்னு அப்பவே எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வண்டி கேட்டுக்கு முன்னால நிக்குது. நல்ல நேரம் பாத்து, பொண்ணு பூவும் வளையலுமா வெளிய வர்றா. சம்பந்தியம்மா குறுக்க வந்து நின்னுட்டாங்க. "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அந்தச் சத்தம் இன்னும் இருக்குது, நீங்க வர்றப்பவே கேட்டேன். பேரிங்கு எறுகிச்சுன்னா ஓடற ஓட்டத்துல சக்கரமே நின்னுரும். வயித்துப்புள்ளக்காரிய அதுல அனுப்ப மாட்டேன். என்ற காரை எடுத்துக்குங்க, லோகு ஓட்டிட்டு வருவான்."

பாத்தீங்களா பழி வாங்கறதை? எப்படி நோகாம வாங்கறாங்க பாருங்க. தெருவே பாக்குது. என்ற காரு, நான் கழுவிப் பொட்டு வெச்சு, பூமாலை போட்டுக் கொண்டாந்த காரு நிக்கறப்ப, என்ற பொண்ணு அவிய கார்ல ஏறிப் பொறந்த ஊட்டுக்கு வரோணுமாமா? நான் பொண்ணைக் கூப்பிட்டேன். "அம்மிணி, அப்பன் வண்டில வர்றதுன்னா வா. இல்லீன்னா இங்கயே இருந்துக்கோ."

சும்மா ஒரு வேகத்துல சொல்றதுதானுங்க. வந்துருவான்னுதான் சொன்னேன். "அப்பா, அத்தை கார்லயே போலாம்ப்பா, நீங்களும் வாங்க"ன்னா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். கொஞ்ச நேரம் நின்னா. ஏழு மாச வயிறு, கால் வீங்கியிருக்குது, எவ்வளவு நேரம் நிப்பா. உள்ள போயிட்டா.

அவிய தடுத்துட்டாங்க, வேறென்ன.

வர்றப்ப முன்னாடி நான் ஒருத்தன். வசந்தாமணி பொறகால போய், அந்த இடது பக்கம்தான் உக்காந்தா. பாட்டுப் போடலை, போட மனசு வருங்களா? காங்கேயத்துல இருந்து உடுமலை வரைக்கும் அந்த ஊ ஒண்ணுதான். அன்னைக்குத்தான் முழுசாக் கேட்டேன். அழுவறாப்பல இருந்துச்சுங்க. ஒருவேளை அது வசந்தாமணியோ என்னமோ, நான் கண்ணாடியில பாக்கலை.

அன்னையிலிருந்து அவ எங்கூடப் பேசறதில்லை. சோறு வெப்பா, போயிருவா. பொண்ணு தினமும் போன் பண்ணுவா, அம்மாகிட்டப் பேசுவா, வெச்சுருவா. அப்பா எங்கன்னு கேக்கறது எனக்குக் கேக்கும். தோப்புலன்னு இவ சொல்லுவா. நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். ஊடு நிம்மதியா இருக்குதுன்னு வெளிய சொல்லிட்டுத் திரிஞ்சேன். பொய்யிங்க. அந்தக் கொசுவலை அடிச்ச ரூமுக்குள்ள போகவே புடிக்கலை.

அப்பறம் ஒருநாள் விடிஞ்சதும் வண்டியைக் கபீர் பாய் கிட்ட விட்டேன். உடுமலையில மெக்கானிக்கு. மூட்டை வெச்சுச் சோதிச்சது, எல்லாஞ் சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. வண்டிய எடுத்துட்டுப் போய் ரோட்டுல ஒருக்கா அப்படி வளைச்சு, இப்படி வளைச்சு ஓட்டினாரு. வலது பக்கம் வளைக்கறப்ப ஊ ஜாஸ்தியாகுது. பாரம் இடது சக்கரத்துல எறங்குதாமா, அதனாலயாமா. கொண்டாந்து ஜாக்கி வெச்சுத் தூக்கி, சக்கரத்தைக் கையில சுத்திவிட்டு, "சேட்டா, உள்ள ஸ்பிரிங்கு மேல கை வெய்யுங்க"ன்னாரு. சேட்டான்னு யாரைக் கூப்பிடறாருன்னு பாத்தேன், என்னையத்தான். பாலக்காட்டுல தொழில் பழகுனவரு, அண்ணாங்கறதை அப்படிச் சொல்றாரு. வெச்சேன். கையில நறநறன்னு உறுமுதுங்க. வலது சக்கரத்தைச் சுத்தினா அந்த ஸ்பிரிங்கு சும்மா இருக்குது.

சக்கரத்தைக் கழட்டி, டிரம்மைக் கழட்டி, பிரஸ்ஸுல வெச்சு அமுக்கி அந்த பேரிங்கை வெளிய எடுத்தாரு. உள்ள கிரீஸே இல்லை. துரு. செம்மண்ணுச் சேறாட்ட. குண்டெல்லாம் பொத்துப் பொத்து அரிச்சுப் போச்சு. "தண்ணி பூந்து கிரீஸைக் கழுவி எடுத்துட்டுப் போயிருச்சு. வெள்ளத்துல ஓட்டினீங்களா"ன்னாரு. நான் சொன்னேன், "பாய், இந்த வருசம் எங்கூர்ல மழையே கெடையாது. கொளம் காஞ்சு கெடக்குது." அவரு யோசிச்சுட்டு, "வண்டிய யாரு கழுவறது"ன்னாரு. நான் மருந்து மோட்டாரைப் பத்தி, கீழ படுத்து உள்ளுக்குள்ள அடிக்கறதைப் பத்தி வெவரமாச் சொன்னேன். அசந்து போயிட்டாரு. "இனிமேல் அந்தளவுக்கு மெனக்கெடாதீங்க"ன்னாரு. நல்ல மனுசன், என்ற வயசைப் பாத்துச் சொல்றாரு.

புதுசு போட்டதும் ஓட்டிப் பாத்தேன். சத்தமே இல்லை. பொறகால யாருமே இல்லாதாப்பல.

இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல இருந்து என்ன தெரியுது? சம்பந்தியம்மா மேல தப்பில்லை. தண்ணிதான் காரணம். எங்கிருந்து வந்துச்சுன்னுதான் தெரியலை. நானும் எத்தனையோ யோசிச்சுட்டேன். கம்பெனியிலயே ஈரத்தோட மாட்டிட்டானுங்களோ என்னமோ.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், வண்டி சரியாயிருச்சு, கூட்டிட்டுப் போக வர்றோம்னு. போனைச் சம்பந்தியம்மா வாங்கிட்டாங்க. "கழட்டினதைக் கொண்டாங்கண்ணா, கண்ணுல பாக்கோணும்"னாங்க. போன தடவை சரி பண்ணிட்டேன்னு சொன்னேனில்ல, அந்த ஞாபகம். அதோட விடலை. "எங்க மில்லுல பேரிங்குப் பக்கம் எவனாச்சும் தண்ணி விட்டுக் கழுவினான்னா அன்னைக்கே அவனை ஊட்டுக்கு அனுப்பிருவேன்"னாங்க. அவிய மில்லுப் பெருமையை இப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றாங்க? சரிங்க சரிங்கன்னு கேட்டுக்கிட்டேன். பொண்ணைக் குடுத்த எடம்.

அதான் பஸ்ஸு. வண்டில நேரா வந்திருக்கலாம்னு கேக்கறீங்க. மறுபடியும் அந்தக் கேட்டுல இருந்து காலி வண்டியாத் திரும்பினா என்னால தாங்க முடியாது தம்பி. மொதல்ல இதைய அவிய கையில குடுக்கறேன். மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் எனக்கு வராதுங்க, நாக்கு பொரளாது. தட்டை நீட்டினா அவிய புரிஞ்சுக்குவாங்க, புத்திசாலி. அவிய சரின்னதும் போன் போட்டா, மச்சினன் வண்டிய எடுத்துட்டு வசந்தாமணியோட கெளம்பி வந்துருவான். கெளம்பறப்ப அவ எங்கிட்டப் பேசினா தெரியுங்களா. "பத்திரமாப் போயிட்டு வாங்க"ன்னா.

அட, அந்தக் கடகட நின்னுருச்சு கவனிச்சீங்களா? தாராபுரத்துல டிரைவர் என்னமோ பண்ணியிருக்கான். என்னது? பால் கேனா? இருக்காதுங்க.

இருங்க, மச்சினன்தான் கூப்பிடறான். சொல்லுடா. கழுவிட்டயா? மேல மட்டுமா? இன்னைக்கு வெள்ளிக்கெழமடா. சக்கரத்துக்கு உள்ள அடிக்கலை? பாய் வேண்டான்னாரா? அவரு எனக்குத்தாண்டா வேண்டான்னாரு, படுத்து எந்திரிக்கறது கஷ்டம்னு. உனக்கென்ன வயசாயிருச்சு? மோட்டாரைப் போடு. அந்த இடது பக்கத்துப் புது பேரிங்கு இருக்குது பாரு, அதுக்கு நேரா வெச்சு நல்லா விட்டு அடி. கறுப்பா வர்றது நிக்கற வரைக்கும் அடி. என்ற பொண்ணு வர்ற வண்டி, துளி மண்ணு இருக்கக் கூடாது. வெச்சர்றேன்.

என்ன தம்பி, என்னமோ சொல்ல வந்தீங்க? ரொம்ப நேரமா வாயத் தொறந்து தொறந்து மூடறீங்க. அட, காங்கேயமே வந்துருச்சு, பையைக் குடுங்க. பூவு நசுங்கலையே? நீங்க பொறுமையாக் கேட்டீங்க, நல்லா இருப்பீங்க. அந்த ஒயரைக் காதுல மாட்டிக்குங்க, நான் எறங்கறேன்.